ஊர்த் திருவிழாவை எழுதப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் ஊர் அம்மன் கொடையைப் பற்றி எழுத வேண்டும், விழா மலருக்குக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள், வெளியூரில் வளரும் பிள்ளைகளுக்காகக் குடும்ப வழக்கங்களை எழுதி வைக்கப் போகிறேன் என்றெல்லாம் சொல்லிப் பலர் கேட்கும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். நான் நெல்லைப் பக்கம் என்பதால் கொடை விழா எடுத்துக்காட்டுகள் அதிகம் வரும் (ஊர்ச்சாமிக்கு எடுக்கும் விழாவை எங்கள் பக்கம் கொடை என்போம்), அப்புறம் மதுரை. உங்கள் ஊரில் பெயர்கள் மாறலாம், கேட்க வேண்டியவை பெரும்பாலும் மாறாது.

எங்கிருந்து தொடங்குவது? "தொன்றுதொட்டு" என்று ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். "தமிழர் வாழ்வில் விழாக்கள் தொன்றுதொட்டு முக்கிய இடம் வகிக்கின்றன" என்ற வரியை எந்த ஊர்க் கட்டுரையின் தலையிலும் ஒட்டலாம், எடுத்துவிட்டாலும் ஒன்றும் குறையாது. விழா எங்கே தொடங்குகிறதோ அங்கேயே தொடங்குங்கள். எங்கள் பக்கம் கொடை என்பது ஊர்க்கூட்டத்தில் தொடங்குகிறது. இந்த வருஷம் கொடை உண்டா இல்லையா, தலைக்கட்டுக்கு (வரி கட்டும் ஒரு குடும்பத்துக்கு) எவ்வளவு வரி, வில்லுப்பாட்டுக்கு யாரைக் கூப்பிடுவது, போன கொடையின் பாக்கி யார் யாரிடம் நிற்கிறது, கல்யாணமாகித் தனியே போன பையனுக்குத் தனி வரியா அல்லது அப்பாவோடு சேர்த்தா என்று நடக்கும் பேச்சிலேயே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு பந்தக்கால் ஊன்றும் கால்நாட்டு, குடியழைப்பு, மதியக் கொடை, சாமக் கொடை, மஞ்சள் நீராட்டு, எட்டாம் நாள் பூசை என்று வரிசை தானாக வரும்.

பழைய மாதிரி ஒன்று வேண்டும் என்றால் மணிமேகலையின் முதல் காதையைப் படித்துப் பாருங்கள். புகாரில் 28 நாள் நடக்கும் இந்திர விழாவை யானை மேல் முரசேற்றி அறிவிக்கிறார்கள். நகரையும் அரசனையும் வாழ்த்திவிட்டு, முரசறைகிறவன் நேராக வேலைக்கு வந்துவிடுகிறான். பூரண கும்பமும் பாலிகையும் பாவை விளக்கும் வையுங்கள், குலையோடு கமுகும் வாழையும் கரும்பும் நடுங்கள், "பழமணல் மாற்றுமின் புதுமணல் பரப்புமின்". பகைவர்களே எதிரில் வந்தாலும் சண்டை போடாமல் விலகிப் போங்கள் என்றும் சொல்கிறான். விழா நடக்கும்போது கைகலப்பு வரும் என்று அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது பாருங்கள். தெருவில் எந்த மணலைக் கொட்டினார்கள் என்பது வரைக்கும் இன்று நமக்குத் தெரிவதற்குக் காரணம், எழுதியவர் வேலையைக் கவனித்தார் என்பதுதான்.

விழா ஆயிரம் ஆண்டு பழையது என்கிறார்கள். எழுதலாமா?

சான்று கையில் இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் "ஆயிரம் ஆண்டு என்று ஊரில் சொல்கிறார்கள்" என்று எழுதினால் போதும், அது பொய்யும் ஆகாது, யாரையும் குறைத்ததும் ஆகாது. 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைப் பதிகத்தில் ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் எல்லாம் வரிசையாக வருகின்றன. அதனால் பங்குனி உத்திரம் என்ற விழா அவ்வளவு பழையது என்று சொல்லலாம். உங்கள் ஊர்க் கோயிலில் அது எப்போது தொடங்கியது என்பது வேறு கேள்வி, இரண்டையும் கலந்துவிடக் கூடாது.

பெரிய கோயில் என்றால் சுவரில் கல்வெட்டு இருக்கும். அவற்றில் பலவும் 1890 முதல் வெளிவரும் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளில் அச்சாகியிருக்கின்றன, மாவட்ட நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். சின்னக் கோயில் என்றால் மணி, குத்துவிளக்கு, தூண்டாமணி விளக்கு, வாகனத்தின் அடிப்பலகை, சப்பரத்தின் அச்சு, அண்டா இவற்றைத் திருப்பிப் பாருங்கள். உபயம் இன்னார், இன்ன வருஷம் என்று எழுதியிருக்கும். பெரியவர்களிடம் "எந்த வருஷம்" என்று கேட்டால் பதில் வராது. தாமிரபரணியில் 1992இல் வெள்ளம் வந்ததற்கு முன்னாலா பின்னாலா, எம்.ஜி.ஆர். இறந்தபோது தேர் இருந்ததா, உங்கள் மூத்த பிள்ளை அப்போது பள்ளிக்கூடம் போனானா என்று கேளுங்கள், ஒன்றிரண்டு வருஷ இடைவெளிக்குள் வந்து நின்றுவிடும்.

விழா தோன்றிய கதையை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். எதை எடுப்பது?

எல்லாவற்றையும். யார் சொன்னார்கள் என்பதோடு சேர்த்து.

மதுரைச் சித்திரைத் திருவிழாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் வருவது, தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு அழகர் கிளம்பி வந்தார், வைகைக் கரைக்கு வருவதற்குள் தாலி கட்டி முடித்துவிட்டார்கள், கோபித்துக்கொண்டு ஊருக்குள் வராமல் அப்படியே வண்டியூர் போய்விட்டார் என்ற கதை. கோயில் தரப்பில் கேட்டால், துர்வாசரின் சாபத்தால் தவளையாகிக் கிடந்த சுதபஸ் முனிவருக்குச் சாப விமோசனம் கொடுக்க வருகிறார் என்பார்கள். அந்தச் சடங்கு வைகைக்குள் இருக்கும் தேனூர் மண்டபத்தில் ஆண்டுதோறும் நடக்கிறது. வண்டியூருக்கு ஏன் போகிறார் என்று கேட்டால் பெருமாள் மேல் காதல் கொண்ட முஸ்லிம் பெண் என்று சொல்லப்படும் துலுக்க நாச்சியாரைப் பார்க்கப் போகிறார் என்று இன்னொரு கதை உண்டு. வரலாறு படித்தவர்களைக் கேட்டால், மீனாட்சி கல்யாணம் மாசியில் நடந்தது, அழகர் சித்திரையில் தேனூருக்குப் போய்க்கொண்டிருந்தார், 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர்தான் இரண்டையும் ஒரே மாதத்தில் சேர்த்துவைத்தார் என்பார்கள்.

இதில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டிய வேலை நமக்கு இல்லை. ஆனால் கவனித்து எழுத ஒன்று உண்டு. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நடக்கும் திருக்கல்யாணத்தில் அண்ணன் முறைக்கு நின்று தாரை வார்த்துக் கொடுப்பவர் திருப்பரங்குன்றத்திலிருந்து வரும் பவளக்கனிவாய்ப் பெருமாள். அழகருக்கு அந்தச் சடங்கில் இடமே கிடையாது. அவர் கள்ளர் கோலத்தில் மலையை விட்டுக் கிளம்பி, பதினெட்டாம்படிக் கருப்பிடம் விடைபெற்று, வழியெல்லாம் மண்டகப்படி (மண்டபங்களில் தங்கிப் பெறும் பூசை) ஏற்று, தல்லாகுளத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக்கொடுத்த மாலையை வாங்கிக்கொண்டு, தங்கக் குதிரையில் ஆற்றில் இறங்கும்போது கல்யாணம் முடிந்து தேரும் ஓடி முடிந்திருக்கும். சைவக் கோயில் விழாவும் வைணவக் கோயில் விழாவும் தனித்தனி நிரலோடு நடக்க, ஜனங்கள் நடுவில் ஒரு அண்ணன் தங்கை உறவை வைத்து இரண்டையும் ஒரே குடும்பத்து விசேஷமாக ஆக்கிவிட்டார்கள். எந்தப் புராணமும் செய்யாத காரியம் இது, எனக்கு இந்தத் திருவிழாவிலேயே மிகவும் பிடித்தது இதுதான். ஒரு கதையை மட்டும் "உண்மையான வரலாறு" என்று எடுத்து மற்றதை வெட்டியிருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது.

யாரிடம் கேட்பது? தர்மகர்த்தா போதாதா?

அவரிடம் முதலில் போகத்தான் வேண்டும், மரியாதை அதுதான். ஆனால் அவர் சொல்வது பெரும்பாலும் நோட்டீசில் இருப்பதாகவே இருக்கும். விழாவை உண்மையில் நடத்துகிறவர்கள் வேறு ஆட்கள். பந்தல்காரர், மேளக்காரர், தீப்பந்தத்துக்குத் துணி சுற்றுகிறவர், குதிரையும் பானையும் செய்யும் வேளார், சப்பரத்துக்குப் பூ அலங்காரம் செய்கிறவர், அன்னதானச் சமையல்காரர், மைக் செட்டுக்காரர், ராத்திரி முழுக்க ஜெனரேட்டரோடு நடந்து வருகிற பையன். ஒவ்வொருவரும் விழாவின் ஒரு பகுதியைக் கையில் வைத்திருக்கிறார்கள், முழுசும் யாருக்கும் தெரியாது.

"இந்த விழாவின் சிறப்பு என்ன?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு மேடைப் பேச்சுதான் பதிலாக வரும். அன்றைக்குக் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், முதலில் என்ன வேலை, அந்தச் சாமான் எங்கே வாங்கினது, உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது, உங்களுக்குப் பிறகு யார் செய்வார்கள் என்று கேளுங்கள். வில்லுப்பாட்டுக் குழுவிடம் போனால் வில்லையும் குடத்தையும் உடுக்கையையும் தொட்டுப் பார்க்கக் கேளுங்கள், எந்தக் கதையை எந்த நேரத்தில் பாட வேண்டும், எந்த இடத்தில் சாமி வந்து இறங்கும், அந்த இடத்தில் அடி எப்படி மாறும் என்று அவர்கள் சொல்ல ஆரம்பித்தால் நீங்கள் எழுதுவதை நிறுத்த முடியாது. சுடலை மாடன் கோயிலில் கணியான் கூத்து இருந்தால் மகுடம் என்ற தோல் வாத்தியத்தை அடிக்கிறவர்களிடமும் இதே மாதிரி. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும், கொடை அன்றைக்கு யாருக்கும் பேச நேரம் இருக்காது. கால்நாட்டுக்கு முன்னால் ஒரு தடவை, எல்லாம் முடிந்த பிறகு ஒரு தடவை போங்கள்.

பெண்கள் செய்வதைப் பற்றி எங்கும் எழுத்தில் இல்லையே?

உண்மை. பெரும்பாலான விழாக் கட்டுரைகளில் "பெண்கள் முளைப்பாரி எடுத்து வந்தனர்" என்று ஒரு வரி, அதோடு சரி. அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு வாரத்துக்கு மேல் வேலை இருக்கிறது. ஓட்டிலோ பானையிலோ கூடையிலோ மண்ணும் மக்கிய சாணமும் வைக்கோலும் போட்டு, ஊறவைத்த பாசிப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை போன்றவற்றைத் தூவி, வெளிச்சமே படாத ஒரு அறையில் வைத்து, தினமும் குளித்துவிட்டுப் போய்த் தண்ணீர் தெளிக்க வேண்டும். வெளிச்சம் இல்லாததால் முளை பச்சை பிடிக்காமல் வெளிர் மஞ்சளாக, நெடுநெடுவென்று வளரும். அந்த அழகுக்காகத்தான் இருட்டு. சாயங்காலம் ஆனால் வாசலில் கும்மி, பாட்டு, குலவை. பயிர் நன்றாக வந்தால் அந்த வருஷம் நல்ல விளைச்சல் என்பார்கள், சரியாக வரவில்லை என்றால் அந்த வீட்டில் ஒரு கவலை தொற்றிக்கொள்ளும். விழா அன்று தலையில் சுமந்து ஊரைச் சுற்றிக் குளத்திலோ ஆற்றிலோ கரைப்பார்கள்.

மேலே மணிமேகலையில் சொன்ன பாலிகை என்பதும் இப்படி முளை வளர்த்து வைக்கும் கலம்தான். அவ்வளவு காலமாகத் தொடர்ந்து வரும் ஒரு வேலையைச் செய்கிறவர்களிடம் யாரும் உட்கார்ந்து பேசவில்லை என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. எந்த விதை, எத்தனை நாள், அறைக்குள் யார் போகலாம், யார் போகக் கூடாது, என்ன பாட்டு, அந்தப் பாட்டை முழுசாகத் தெரிந்தவர் ஊரில் யார் என்று கேட்டு எழுதுங்கள். பாட்டுகளை எழுதிக்கொள்வதோடு நிற்காமல் ஒலிப்பதிவும் செய்யுங்கள், குலவையை எழுத்தில் பிடிக்க முடியாது.

ஊரில் எழுத்துச் சான்றே இல்லை, என்ன செய்வது?

இருக்கும், நாம் அதைச் சான்று என்று நினைப்பதில்லை, அவ்வளவுதான். முதலாவது விழா நோட்டீஸ். ஒவ்வொரு வருஷமும் அச்சடித்து வீடு வீடாகக் கொடுப்பார்கள், விழா முடிந்ததும் குப்பைக்குப் போய்விடும், ஆனால் யாராவது ஒரு பெரியவர் டிரங்குப் பெட்டியில் வைத்திருப்பார். 20, 30 வருஷ நோட்டீசை வரிசையாகத் தரையில் பரப்பிப் பார்த்தால் எந்த வருஷம் நாடகம் போய் ஆர்கெஸ்ட்ரா வந்தது, எந்த வருஷம் நையாண்டி மேளத்தோடு கேரளத்துச் செண்டையும் சேர்ந்தது, எந்தத் தெருவின் பெயர் புதிதாக மண்டகப்படியில் ஏறியது எல்லாம் தெரியும். இரண்டாவது வரவு செலவு நோட்டு. விழா முடிந்ததும் கணக்கு வாசிப்பார்கள் அல்லவா, அந்த நோட்டு. பூவுக்கு எவ்வளவு, வாழைத்தாருக்கு எவ்வளவு, வெடிக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு, எத்தனை மூட்டை அரிசி.

"லட்சக்கணக்கான பக்தர்கள் கலந்துகொண்டனர்" என்று எழுதுவதை விட எத்தனை மூட்டை அரிசி வடித்தார்கள் என்று எழுதுங்கள், கூட்டம் எவ்வளவு என்பது படிப்பவருக்கு அதிலேயே தெரியும்.

சடங்குகளுக்கு அறிவியல் காரணம் எழுத வேண்டுமா?

கூடாது என்பது என் உறுதியான கருத்து. கோபுரக் கலசத்துத் தானியம் இடிதாங்கி வேலை செய்கிறது, மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது கிருமியைக் கொல்ல, இப்படி வாட்சப்பில் வருவதையெல்லாம் எடுத்துக் கட்டுரையில் போடுகிறார்கள். நம் முன்னோர் மேல் இருக்கும் அன்பில்தான் போடுகிறார்கள், அது புரிகிறது. ஆனால் இந்தக் காரணம் வந்து உட்கார்ந்ததும் சடங்கைப் பார்ப்பதே நின்றுபோகிறது. மஞ்சள் நீராட்டில் யார் யார் மேல் ஊற்றுகிறார்கள் என்று கவனியுங்கள். அத்தை மகன், மாமன் மகள், கொழுந்தியாள், மாப்பிள்ளை என்று முறைக்காரர்களாகப் பார்த்துத் தேடித் துரத்தி ஊற்றுவார்கள், முறையில்லாதவர் மேல் ஊற்றினால் சண்டை வரும். ஊரின் உறவுமுறை முழுக்க அந்த ஒரு காலையில் தெருவில் ஓடுகிறது. கிருமி பற்றிய வரியை எழுதினவருக்கு இது தெரியாமலே போய்விடும். கலசத்துக்கும் அப்படியே, என்ன தானியம், யார் வீட்டு நெல், பழைய தானியத்தை என்ன செய்கிறார்கள் என்பதைக் கேளுங்கள்.

ஊர்க்காரர்களே ஒரு காரணம் சொன்னால் அது வேறு. ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைப்பது, சித்திரை வெயிலில் பிரசவம் வரக் கூடாது என்பதற்காக என்று உங்கள் ஆச்சி சொன்னால், ஆச்சி சொன்னதாக எழுதுங்கள்.

தேதியை எப்படிக் குறிப்பிடுவது? ஒவ்வொரு வருஷமும் மாறுகிறதே?

அந்த வருஷத் தேதியையும் எழுதுங்கள், நாள் பார்க்கும் முறையையும் எழுதுங்கள். முறைதான் முக்கியம். அழகர் இறங்குவது சித்திரைப் பௌர்ணமி, அது திதிக் கணக்கு. தைப்பூசமும் கார்த்திகை தீபமும் நட்சத்திரத்தை வைத்து. பொங்கல் சூரியன் மகர ராசிக்குள் போவதை வைத்து, அதனால் ஜனவரி 14 அல்லது 15இல் நிற்கிறது. அதுவும் நிரந்தரம் இல்லை, நம் சூரியக் கணக்கும் ஆங்கிலக் காலண்டரும் சுமார் 72 வருஷத்துக்கு ஒரு நாள் விலகிக்கொண்டே போகின்றன. தூத்துக்குடிப் பனிமய மாதா திருவிழா ஆகஸ்ட் 5, வேளாங்கண்ணித் திருவிழா செப்டம்பர் 8, இவை மாறுவதே இல்லை. நாகூர் தர்காவின் கந்தூரி விழா ஜமாதுல் ஆகிர் என்ற இஸ்லாமிய மாதத்தின் பிறை பார்த்துக் கொடியேற்றுவது, அதனால் வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும். ஊர்க் கொடைகளுக்கு இன்ன மாதம் இத்தனையாவது செவ்வாய் என்று இருக்கும். அதையும் யார் முடிவு செய்கிறார்கள் என்று கேளுங்கள், மும்பை தாராவியிலும் சென்னையிலும் இருக்கும் ஊர்க்காரர்கள் வந்து போக வசதியாகப் பள்ளி விடுமுறைக்குத் தள்ளி வைத்த ஊர்கள் உண்டு.

சாதி, முதல் மரியாதைத் தகராறு இதையெல்லாம் எழுதினால் பிரச்சினை வராதா?

வரலாம். ஆனாலும் விட்டுவிட்டு எழுதினால் அது உங்கள் ஊர் விழாவாக இருக்காது. தேர் எந்தத் தெருக்களில் போகிறது, எந்தத் தெருவுக்குள் போவதில்லை, பரிவட்டம் யாருக்கு, வடத்தை யார் தொடலாம், பறை அடித்தவர்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள், யாரிடம் வரி வாங்குகிறார்கள், யாரிடம் வாங்க மறுக்கிறார்கள். சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் வடம் பிடிக்கும் உரிமையைப் பற்றிய தகராறில் பல ஆண்டுகள் தேர் ஓடாமலே நின்றது, 2024இல்தான் மீண்டும் ஓடியது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு வைத்தியநாத ஐயர் நுழைந்தது 1939 ஜூலை 8ஆம் தேதி. அதற்கு முந்தைய சித்திரைத் திருவிழாக்களைப் பற்றி "ஊரே கூடிக் கல்யாணம் பார்த்தது" என்று எழுதினால், கல்யாணத்தை உள்ளே போய்ப் பார்க்க முடியாமல் வெளியே நின்றவர்கள் அந்த வாக்கியத்தில் இல்லை.

திட்டித் தீர்க்கச் சொல்லவில்லை. பார்த்ததை, கேட்டதைத் தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டு தெருவுக்கும் போய்க் கேளுங்கள், ஒரு தெருவில் மட்டும் கேட்டு எழுதாதீர்கள். ஒருவருக்கு இதனால் ஊரில் தொந்தரவு வரும் என்றால் அவர் பெயரை விட்டுவிடுங்கள், அவர் சொன்னதை விட வேண்டாம்.

கிடா வெட்டு, சேவல் பலி?

நடந்தால் எழுதுங்கள், அவ்வளவுதான். நல்லதா கெட்டதா என்ற உங்கள் கருத்து தனியாக, கட்டுரையின் வேறு பத்தியில் இருக்கட்டும். 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கோயில் பலியைத் தடை செய்தது. பல பத்தாண்டுகள் அது ஏட்டில் மட்டும் இருந்து, 2003 ஆகஸ்ட்டில் அரசு கண்டிப்பாக நடைமுறைப்படுத்தச் சொல்ல, பெரிய எதிர்ப்பு எழுந்து, 2004இல் சட்டத்தையே நீக்கிவிட்டார்கள். அந்தச் சில மாதங்களில் உங்கள் ஊரில் கொடை எப்படி நடந்தது, பூசணிக்காய் வெட்டினார்களா, ஒத்திப் போட்டார்களா என்று பெரியவர்களிடம் கேட்டால் நல்ல விஷயம் கிடைக்கும்.

சாமியாடுகிறவர்களைப் படம் எடுக்கலாமா?

ஆடுவதற்கு முன்னாலேயே அவரிடமும் கோயில் ஆட்களிடமும் கேட்டுவிடுங்கள். சாமி வந்த பிறகு அவரால் சம்மதம் சொல்ல முடியாது. கூட்டத்தில் திடீரென்று சாமி வந்து ஆடும் பெண்களை எடுக்காதீர்கள், எடுத்துவிட்டாலும் வெளியே போடாதீர்கள். கோயில் வாசலில் அம்மனாக நிற்கும் ஒருவர் அடுத்த நாள் அலுவலகத்துக்கோ கடைக்கோ வேலைக்குப் போக வேண்டும், அங்கே யாரோ அந்தக் காணொளியைப் பார்த்துச் சிரித்தால் அதற்குக் காரணம் நீங்கள்தான். சில கோயில்களில் சாமக் கொடையின் போது கேமராவே கூடாது என்பார்கள். மறுபேச்சு பேசாமல் உள்ளே வைத்துவிடுங்கள்.

வேறு மதத்து விழாவைப் பற்றி எழுதலாமா?

தாராளமாக. பொதுவாகச் செய்யும் தவறு, போனதும் "மத நல்லிணக்கத்துக்கு எடுத்துக்காட்டு" என்று எழுதி முடித்துவிடுவது. நல்லிணக்கம் எந்த வேலையில் இருக்கிறது என்று காட்டுங்கள். நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி, அதைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப் சிங். கல்லாலும் சுண்ணாம்பாலும் நிற்கும் சாட்சி அது. இன்றைக்குக் கந்தூரியில் கொடி எங்கிருந்து வருகிறது, சந்தனக்கூடு எந்தத் தெருக்கள் வழியாக வருகிறது, அந்தத் தெருக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று நின்று பார்த்தால் எழுத நிறைய இருக்கும்.

விபத்தை எழுத வேண்டுமா? மங்கலமான விஷயத்தில் எதற்கு?

வேண்டும். 2022 ஏப்ரல் 27 அதிகாலை தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள், அதில் சிறுவர்களும் இருந்தார்கள். இந்த மாதிரி ஒன்று உங்கள் ஊரில் நடந்திருந்தால், அதற்குப் பிறகு தேரின் உயரத்தைக் குறைத்தார்களா, பாதையை மாற்றினார்களா, மின்சாரத்தை எந்த நேரத்தில் நிறுத்துகிறார்கள் என்பதெல்லாம் விழாவின் நடைமுறையில் சேர்ந்துவிட்டது. எழுதி வைத்தால்தான் பத்து வருஷம் கழித்துத் தேரை இன்னும் கொஞ்சம் உயர்த்தலாம் என்று பேசும்போது யாராவது எடுத்துக் காட்ட முடியும்.

விழா நடக்காமல் போன வருஷத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?

நிறைய. 2020, 2021 இரண்டு வருஷமும் கொரோனாவால் அழகர் வைகைக்கு வரவில்லை, சடங்குகளை அழகர்கோயிலிலேயே நடத்தினார்கள். 2020 மே 4 அன்று மீனாட்சி கல்யாணத்தைச் சில பட்டர்கள் மட்டும் இருந்து நடத்த, ஜனங்கள் வீட்டில் நேரலையில் பார்த்தார்கள், பெண்கள் திரைக்கு முன்னால் உட்கார்ந்து தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். எதை விட்டுவிடலாம், எதை எப்பாடுபட்டாவது செய்தாக வேண்டும் என்று ஜனங்கள் முடிவு செய்வது இப்படிப்பட்ட வருஷத்தில்தான் வெளியே தெரியும். உங்கள் ஊரிலும் மழை பொய்த்த வருஷம், ஊர் இரண்டுபட்ட வருஷம், பெரிய சாவு விழுந்த வருஷம் என்று இருக்கும். அந்த வருஷம் விளக்கு மட்டும் போட்டார்களா, யார் போட்டார்கள்?

டிஜே, சீரியல் செட், ஃபிளெக்ஸ் பேனர் இதையெல்லாம் மரபு என்று எழுத முடியுமா?

இருப்பதை எழுதுங்கள். சீரியல் செட்டில் அம்மன் உருவம் மின்னுவதைப் பார்க்கப் பிள்ளைகள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்பதும் விழாதான். ராத்திரி முழுக்க நடந்த வில்லுப்பாட்டு இரண்டு மணி நேரமாகச் சுருங்கியது எனக்குப் பிடிக்கவில்லை, அதை மறைக்கவும் மாட்டேன், ஆனால் அது ஏன் சுருங்கியது, குழுவுக்கு என்ன சம்பளம், ஒலிபெருக்கிக்குப் போலீஸ் எத்தனை மணி வரை அனுமதி கொடுக்கிறது என்பதைக் கேட்டு எழுதினால் வெறும் புலம்பலாகப் போகாது.

எழுதி முடித்த பிறகு என்ன செய்வது?

சொன்னவர்களிடமே திரும்பப் போய்ச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாதவர்கள்தான் அதிகம் திருத்துவார்கள், உறவுமுறையும் சடங்கு வரிசையும் அங்கேதான் சரியாகும். ஒரு படியைக் கோயில் பெட்டியிலும் ஒன்றைக் கிளை நூலகத்திலும் கொடுங்கள், கைபேசியில் மட்டும் வைத்திருந்தால் கைபேசியோடு போய்விடும். ஒலிப்பதிவு செய்யும்போது பேசுகிறவரின் பெயர், ஊர், அன்றைய தேதி மூன்றையும் அவர் வாயாலேயே முதலில் சொல்ல வையுங்கள், கோப்பின் பெயர் பிறகு எப்படி மாறினாலும் குரல் யாருடையது என்று தெரியும்.